ஆண்டு விடுப்பு கணக்கில் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மாதவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலையில் இருக்கிறார். இந்த டிசம்பரோடு மூன்று வருஷம் முடிகிறது. வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. மூன்று வருஷத்தில் எடுத்தது மொத்தம் நாலே நாள். கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் "பார்க்கலாம்" என்கிறார், ஆபீஸில் "டிசம்பர் முடிந்தால் பழைய லீவு காலி" என்கிறார்கள். ஜனவரி கடைசியில் தங்கைக்குக் கல்யாணம், ஆறு நாள் வேண்டும். எப்படி எடுப்பது?

அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லை நான் பதினேழு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னவன். மணலியில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் 2002 முதல் 2019 வரை டைம் ஆபீஸ் கிளார்க். பஞ்ச் கார்டு காலத்தில் சேர்ந்து, விரல் ரேகை மெஷின் வந்த பிறகு வெளியே வந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்துக்கொண்டு தினமும் போவேன். ஓ.டி. கணக்கு, ஈ.எஸ்.ஐ. பேப்பர், லீவு கார்டு எல்லாம் என் மேஜையில்தான். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் மாதமே மேனேஜர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: லீவு லெட்டரைக் கையில் வாங்காதே. இல்லை என்றும் சொல்லாதே. "இன்னாத்துக்கு இப்பவே லெட்டரு? ஆர்டர் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று தோளில் கைபோட்டு அனுப்பிவிடு. ஆளும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் நல்லவனாகிவிடுவேன்.

இது சும்மா குணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலைந்து வருஷம் கழித்து ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்காக 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்து 79ஆம் பிரிவைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த வருஷத்தில் சம்பளத்தோடு லீவு. எடுக்காத லீவை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் 30 நாளுக்கு மேல் போகாது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. முறைப்படி விண்ணப்பித்து, நிர்வாகம் மறுத்துவிட்ட லீவுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. அது எத்தனை நாளானாலும் கணக்கில் நிற்கும்.

அதாவது, நான் வாங்காமல் விட்ட ஒவ்வொரு லெட்டரும் கம்பெனிக்கு லாபம். லெட்டர் இல்லையென்றால் மறுப்பு இல்லை. மறுப்பு இல்லையென்றால் 30க்கு மேலே உள்ளதெல்லாம் தானாகக் கரைந்துவிடும்.

எங்கள் பாய்லர் அண்ணன் கதையைச் சொன்னால் இது விளங்கும். பாய்லரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடியாது, அதற்கென்று பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்தான் நிற்க வேண்டும். எங்களிடம் அப்படி மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். ஒருவர் லீவு போட்டால் மற்ற இரண்டு பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும். நாலாவதாக ஒரு ரிலீவரை வைக்கச் சொல்லி நான் வந்த நாளிலிருந்து பேச்சு ஓடியது, நான் கிளம்பும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் லீவு கேட்க வருவார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். "அப்போ நைட்டு யாரு நிக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். அவர் கண் முன்னால் அந்த இரண்டு பேர் முகமும் வந்துவிடும், திரும்பிப் போய்விடுவார். ஆள் வைக்காதது கம்பெனியின் தப்பு. ஆனால் அவர் கூட வேலை செய்கிற இரண்டு பேரிடம் கடன் கேட்கிற மாதிரி கூசிப்போவார். எந்த டிபார்ட்மென்டாக இருந்தாலும் லீவு முடங்குகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். முதலாளிக்குப் பயந்து அல்ல, பக்கத்து மெஷின்காரன் என்ன நினைப்பானோ என்றுதான் பாதிப் பேர் கேட்பதே இல்லை.

அண்ணனுக்கு வருஷத்துக்கு 14, 15 நாள் சேரும். மூன்றாம் வருஷத்திலேயே 30ஐத் தொட்டுவிட்டார். அதற்கப்புறம் வருஷா வருஷம் சேர்ந்ததில் இரண்டு மூன்று நாள் போக மிச்சமெல்லாம் போச்சு. அவர் மகள் கல்யாணத்துக்கு எடுத்தது இரண்டு நாள். ரிட்டையர் ஆனபோது 30 நாளுக்கான பணத்துக்கு நான்தான் வவுச்சர் போட்டேன். "இவ்ளோதானா நைனா?" என்று கேட்டார். "அவ்ளோதாண்ணே" என்றேன். வருஷத்துக்கு ஒரு லெட்டர் அவர் எழுதியிருந்தால் அந்தத் தொகை எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கு முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரேயடியாகக் கம்பெனியையே குறை சொல்வதும் சரியில்லை. நம் ஆட்களும் லீவைப் பணமாகத்தான் பார்ப்பார்கள். எங்கள் கம்பெனியில் மாதம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் உண்டு. உரிமையான லீவை எடுத்தாலும் அது போய்விடும். இன்சென்டிவ் ஒரு பக்கம், எடுக்காத லீவுக்குக் காசு ஒரு பக்கம். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியவன் லீவு போடுவானா? அப்புறம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் லீவு வேண்டும். ஆடி பிறந்தால் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருப்பார், டிபார்ட்மென்டில் பாதிப் பேர் ஒரே சனிக்கிழமைக்குக் கேட்பார்கள். அந்த நேரத்தில் யாருக்காவது இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். யாருக்கு இல்லை என்பதை வருஷத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசி ஒரு பட்டியல் போட்டிருக்கலாம். சட்டமே அப்படி ஒரு லீவுத் திட்டத்துக்கு இடம் கொடுக்கிறது. நாங்கள் ஒரு வருஷம்கூடப் போடவில்லை.

இந்த இடத்தில் பெரம்பூர் ஞாபகம் வருகிறது. அங்கிருந்த பின்னி துணி மில் தொழிலாளர்களின் குறைகளில் மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. அப்படிப்பட்ட குறைகளிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். சோறு தின்ன நேரம் கேட்கவே ஒரு ஊர் சேர வேண்டியிருந்திருக்கிறது. லீவை மட்டும் நாம் ஒவ்வொருத்தராகத் தலையைச் சொறிந்துகொண்டு போய்க் கேட்கிறோம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். மூன்று காலண்டர் வருஷமும் முழுதாக வேலை செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வருஷ வேலைக்கு இரண்டாம் வருஷத்தில் 14 நாள், இரண்டாம் வருஷ வேலைக்கு மூன்றாம் வருஷத்தில் 14 நாள். மொத்தம் 28, எடுத்தது 4, மீதி 24. இது 30க்குள் இருப்பதால் முழுதாக ஜனவரிக்குப் போகும். மூன்றாம் வருஷ வேலைக்கான 14ஐயும் சேர்த்தால் ஜனவரி 1 அன்று உங்கள் கணக்கில் 38 நாள். "டிசம்பர் முடிந்தால் காலி" என்பது உங்கள் விஷயத்தில் சுத்தப் பொய். ஆனால் வருகிற வருஷமும் எடுக்காமல் விட்டால் அந்த 30 நாள் வரம்புக்கு மேலே உள்ள 8 நாள் போய்விடும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதில் 240 நாள் என்பது 180 ஆகக் குறைந்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று, 30 நாள் வரம்பு, மறுத்த லீவுக்கு வரம்பில்லை, இவை மூன்றும் அப்படியே இருக்கின்றன. வருஷ முடிவில் கேட்டால் மீதி லீவைப் பணமாக்கிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கடைசி விஷயம் நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. லீவு காசாகிற சந்தோஷத்தில் ஆள் வீட்டிலேயே இருக்க மாட்டான்.

கடை, ஆபீஸ் வேலையில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன்படி ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தபின் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை, 24 நாள்வரை சேர்க்கலாம். உடம்பு சரியில்லை என்றால் 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள் என்று தனித்தனியாக உண்டு, அவற்றைச் சேர்த்துவைக்க முடியாது. என் மகள் பாரிமுனையில் சரக்குக் கிளியரிங் செய்கிற ஒரு ஆபீஸில் இருக்கிறாள். அங்கே லெட்டரெல்லாம் கிடையாது, மொபைல் ஆப்பில் ஒரு பட்டன். ஆனால் அவளுடைய மேலாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "ஆப்பில் போடுவதற்கு முன்னால் என்னிடம் வாயால் சொல்லுங்கள்." "எவ்வளவு நட்பான மனுஷர்" என்று அவள் அதை எனக்குக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பழைய மேஜையை அப்படியே மொபைலுக்குள் தூக்கிப்போட்டுவிட்டார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் லீவு கார்டையோ கணினிக் கணக்கையோ பார்த்து மீதி எத்தனை என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் இவ்வளவுதான்: "என் கணக்கில் உள்ள ஆண்டு விடுப்பிலிருந்து இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆறு நாள், தங்கையின் திருமணத்துக்காக வேண்டுகிறேன். தங்கள் பதிலை எழுத்தில் தரவும்." கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். எண்ணைப் பார்த்தாலே ஆபீஸ் விறைத்துக்கொள்ளும், நான் விறைத்திருக்கிறேன். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே அதையே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்ட். லெட்டரின் கீழே உங்கள் வேலையை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி எழுதுங்கள், அவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு. "நைட்டு யாரு நிக்கிறது?" என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில். சட்டப்படி அது உங்கள் வேலை இல்லைதான். ஆனால் அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டு ஜெயித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நடுவில் வருகிற வார ஓய்வு நாளையும் பண்டிகை விடுமுறையையும் லீவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பல இடத்தில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று உடம்பு முடியாமல் போய் ஆண்டு விடுப்பிலிருந்து கழிக்கச் சொல்வதென்றால் முன்கூட்டி எழுத வேண்டிய அவசியமில்லை. இப்படியெல்லாம் எழுதிக் கேட்டும் மறுத்தால், அந்த மறுப்புத் தாளைப் பத்திரமாக வையுங்கள். கல்யாணத்துக்கு அது உதவாது, தெரியும். ஆனால் எழுத்தில் மறுப்பது ஒரு கையெழுத்துப் போடுகிற வேலை. தங்கை கல்யாணத்துக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட எங்கள் மேனேஜருக்கே கை வராது. பதினேழு வருஷத்தில் எழுத்தில் வந்த லெட்டர் பத்துக்குள்தான் இருக்கும். அதில் ஒன்றைக்கூட அவர் மறுத்து எழுதியதை நான் பார்க்கவில்லை.

தேதிக் கணக்கு மட்டும் தவறவிடாதீர்கள். பழைய சட்டப்படி லீவு தொடங்குவதற்கு 15 நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதையே வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஜனவரி 25 முதல் லீவு என்றால் 10ஆம் தேதிக்குள் லெட்டர் போயிருக்க வேண்டும். 26 குடியரசு நாள், அதைக் கழித்துவிட்டு ஆறு நாளை எண்ணுங்கள். போகிக்கு அப்புறம் கொடுக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட ஆபீஸில் ஆளே இருக்காது, அவர்களெல்லாம் பொங்கல் லீவில் போயிருப்பார்கள்.