தோப்பை அடகு வைக்கும் முன்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகன், ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் டூல் அண்ட் டை மேக்கர் படிப்பேன் என்கிறான். நீங்களோ பிளஸ் டூ முடிந்ததும் தென்னந்தோப்பை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்த்துவிட நினைக்கிறீர்கள். "ஐடிஐ என்றால் சொந்தக்காரர்கள் முன் தலைகுனிவு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை வருத்தியது.

அவன் கேட்கும் வேலை என்ன என்று பாருங்கள். கார் கதவின் தகடு, சுவிட்ச் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி எல்லாம் டை, மோல்டு என்னும் அச்சுகளில் அழுத்தியோ வார்த்தோ எடுப்பவை. அந்த அச்சுகளைச் செய்வதுதான் டூல் அண்ட் டை மேக்கரின் வேலை. அச்சு மயிரிழை பிசகினால் ஆயிரக்கணக்கான உருப்படிகள் கழிவாகும். அந்தப் பிசகு வராமல் பார்க்கத் தெரிந்த கைக்குத்தான் முதலாளி கூலி கொடுக்கிறார். வரைபடம் படிப்பது, மைக்ரோமீட்டரில் அளப்பது, எஃகைப் பதப்படுத்துவது ஆகியவை எந்தப் பட்டறைக்குப் போனாலும் அவனோடு போகும். ஒரே கம்பெனியின் ஒரே இயந்திரத்தில் பொத்தான் அழுத்தும் பழக்கம் அப்படிக் கூட வராது.

கூடவே வரும் திறமையின் பலம் நாடுகளுக்கும் பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஆலைகள் பல தரைமட்டமாயின. ஆனாலும் அந்த நாடு பலரும் எதிர்பார்த்ததைவிட வேகமாக எழுந்தது. மக்களிடம் தங்கியிருந்த அறிவும் தொழில்திறனும் அதற்கு முக்கியக் காரணம் என்றார் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ். உங்களைப் போலவே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1979இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிலத்தையும் இயந்திரத்தையும் போல மனிதனின் திறமையும் மூலதனம்தான் என்பது அவர் கருத்து.

இனி கணக்கு. படிப்பின் விலை கட்டணத்தோடு முடிவதில்லை. அந்த ஆண்டுகளில் சம்பாதிக்காமல் விட்ட பணமும் கடனுக்கான வட்டியும் அதில் சேரும். ஐடிஐ சேர்ந்தால் பொறியியல் கதவு அடைபட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அடைபடாது. ஐடிஐ இரண்டு ஆண்டு; பிறகு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, அது இரண்டு; அதன்பின் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு, அது மூன்று. மொத்தம் ஏழு. பிளஸ் டூ வழியே போனால் ஆறு. ஓர் ஆண்டுதான் கூடுதல். நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் தொழில் இருக்கும். பிளஸ் டூ வழியில் பி.இ.யை மூன்றாம் ஆண்டில் விட்டவனிடம் என்ன இருக்கும்? அரியரோடு நிற்கும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன்; அவர்கள் அப்பாக்களின் முகத்தையும் பார்க்கிறேன்.

கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளையாக இருந்தால் பொறியியலுக்கே அனுப்புங்கள் என்றிருப்பேன். உங்கள் மகனோ பழைய மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எல்லா ஐடிஐயும் ஒன்றல்ல. சேரும் முன் பயிற்சிக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். லேத்துக்கு அடியில் புதிதாகச் சீவிய இரும்புத்தூள் கிடக்கிறதா, அளவுக் கருவிகள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே அப்ரண்டிஸ் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸாக இருக்கும் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. முதலில் அரசு ஐடிஐக்கு விண்ணப்பியுங்கள்.

அடகுப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். சனிக்கிழமை மகனை அழைத்து வாருங்கள். மூவருமாக, இந்த அச்சுகளைச் செய்யும் ஒரு டூல் ரூமுக்குப் போய் வருவோம்.