‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’: கேளுங்க, சொல்றேன்

2023 ஜூனில் வந்த ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ பற்றி ஒரு வாரமாகக் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன, ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டு வருடம் அனிமேஷனில் லைட்டிங் வேலை பார்த்தவள். இந்தப் படத்தில் ஒரு ஃப்ரேம்கூட என் கை படவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்து ரிமோட் பட்டன் தேய்ந்துபோனதுதான் என் தகுதி. கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பதில்கள் எங்கேயும் ஓடிப்போகாது.

அக்கா, முதல் பாகம் பார்க்கல. நேரா இதைப் பார்த்தா புரியுமா?

புரியும், ஆனால் பாதி ருசி போய்விடும். 2018 டிசம்பரில் வந்த முதல் படத்தில் புரூக்ளின் பையன் மைல்ஸ் மொராலெஸைச் சிலந்தி கடிக்கிறது, அவன் உலகத்து பீட்டர் பார்க்கர் செத்துப்போகிறார், வேறு உலகத்து ஸ்பைடர்-மேன்கள் வந்து அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டாம் பாகம் அந்தக் கதையையே திருப்பிப் போட்டு “நீ ஸ்பைடர்-மேன் ஆனதே தப்பு” என்கிறது. அதனால் முதல் படத்தில் அந்தச் சிலந்தியை மட்டும் நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அது விட்டுவிட்டு மினுங்கும், மேலே 42 என்று இருக்கும். அன்றைக்கு ஸ்டைல் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

எங்க வீட்டு டிவியில மைல்ஸ் நடக்கிறது இழுத்து இழுத்து வருது. ஓடிடி ஆப் பிரச்சினையா, நெட் பிரச்சினையா?

இரண்டும் இல்லை தம்பி. சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம். வழக்கமான கம்ப்யூட்டர் அனிமேஷனில் 24 ஃப்ரேமிலும் உருவம் அசையும். இந்தப் படங்களில் பெரும்பாலும் ஒரே நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துகிறார்கள், அதாவது நொடிக்கு 12 அசைவுதான். கையால் வரைந்த காலத்தில் இது சாதாரண வழக்கம். அதோடு வேகமான அசைவில் வழக்கமாகப் பூசும் மங்கலையும் எடுத்துவிட்டார்கள், அதனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் காமிக்ஸ் கட்டம் மாதிரி கூர்மையாக நிற்கும். முதல் பாகத்துக் காட்டுக் காட்சியை எடுத்துப் பாருங்கள், பீட்டர் 24-இல் வழுக்கிக்கொண்டு போவார், வலை வீசத் தெரியாத மைல்ஸ் 12-இல் தட்டுத்தடுமாறி வருவான். இரண்டு பேரும் ஒரே ஷாட்டில்! ஆட்டத்துக்குப் புதுசு என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

இப்போது உங்கள் டிவிக்கு வருவோம். படத்தை வழுவழுப்பாக்குகிறேன் பேர்வழி என்று ஃப்ரேம்களுக்கு நடுவில் பொய் ஃப்ரேம்களைச் சொருகும் ஒரு வசதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், ‘மோஷன்’ என்ற சொல் எங்காவது இருக்கும். சில இடத்தில் சொருகி சில இடத்தில் விடுவதால்தான் அப்படி இழுக்கிறது. பிக்சர் செட்டிங்கில் போய் அதை அணைத்துவிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பின்னாடி இருக்கிற கட்டடமெல்லாம் சிவப்பும் நீலமுமா ரெண்டு ரெண்டாத் தெரியுது. 3டி கண்ணாடி போடாம பார்க்கிற மாதிரி.

வேண்டுமென்றே செய்ததுதான். பழைய மலிவு அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு, தகடு கொஞ்சம் நகர்ந்தால் நிறம் கோட்டை விட்டு வெளியே வழியும். வாரப் பத்திரிகை அட்டையில் நடிகையின் உதட்டுச் சாயம் கன்னத்துக்கு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கேமராவில் தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரியுமல்லவா, அந்த மங்கலுக்குப் பதிலாக இந்த அச்சுப் பிழையை வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு உலகத்துக்கும் ஒவ்வொரு ஸ்டைல், சரி. அது வெறும் ஷோ தானே? கதைக்கு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். படத்தில் முக்கியமான உலகங்கள் ஆறு: மைல்ஸின் புரூக்ளின், க்வென் (அங்கே சிலந்தி வேஷம் அவளுக்குத்தான்) இருக்கும் எர்த்-65, இந்திய ஸ்பைடர்-மேன் பவித்ரின் மும்பாட்டன், எல்லா உலகத்து ஸ்பைடர்-மேன்களையும் கூட்டி வைத்திருக்கும் தலைவன் மிகேலின் நுவேவா யார்க், ஹோபியின் லண்டன், கடைசியில் வரும் எர்த்-42. இவற்றில் க்வென் உலகத்தைப் பார்த்தபின்னும் ஷோ என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அந்த உலகம் ஈரமான வாட்டர்கலர். சுவருக்கு நிலையான நிறமே கிடையாது, க்வென்னின் மனசு எப்படியோ அப்படி மாறும். படத்தின் ஆரம்பத்தில் அப்பா, போலீஸ் கேப்டன் ஜார்ஜ் ஸ்டேசி, மகள் என்று தெரிந்த பிறகும் துப்பாக்கியை இறக்காத இடத்தையும், கடைசியில் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து அவரோடு பேசும் இடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் பின்னணிச் சாயம் கண்ணீர் மாதிரி கீழே வழிகிறது, ஜன்னல் எது சுவர் எது என்றே தெரியாத அளவுக்குக் கரைகிறது, அப்பா நெருங்கி வர வர நிறம் சூடாகிறது. லைட்டிங் செய்பவளாகச் சொல்கிறேன், எங்கள் பிழைப்பில் முதல் விதியே விளக்கு எங்கே இருக்கிறது என்று பதில் இருக்க வேண்டும் என்பதுதான். இந்தக் காட்சியில் பதிலே இல்லை, வெளிச்சம் அந்தப் பெண்ணுக்குள்ளிருந்து வருகிறது. இதை நான் செய்து என் பழைய லீடிடம் கொண்டுபோயிருந்தால் ‘சோர்ஸ் எங்கம்மா?’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

மிகேல் ஓஹாரா வில்லனா நல்லவனா? கேனன் ஈவென்ட்னு அவன் சொல்றது லாஜிக்கா சரியா?

கேட்டது புரியாதவர்களுக்காக: எல்லா ஸ்பைடர்-மேன் வாழ்க்கையிலும் சில சம்பவங்கள் நடந்தே ஆக வேண்டும், அதில் ஒன்று நெருங்கிய ஒரு போலீஸ் கேப்டனின் சாவு, அதைத் தடுத்தால் அந்த உலகமே சிதையும் என்பது மிகேலின் கட்சி. மைல்ஸின் அப்பா ஜெஃப் அப்போதுதான் கேப்டனாகப் போகிறார். ஆகவே அவர் சாகட்டும், நீ சும்மா இரு.

என் பார்வையில் மிகேல் வில்லன் இல்லை, துக்கத்தைச் சட்டமாக்கிக்கொண்ட ஆள். வேறு உலகத்தில் இறந்துபோன தன் ஜாடை மனிதனின் இடத்தில் போய் உட்கார்ந்து, அவன் மகளைத் தன் மகளாக வளர்த்தான், அந்த உலகம் கண்முன்னே அழிந்தது. தான் விதியை மீறியதால்தான் அழிந்தது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். ஆனால் அவன் கையில் இருக்கும் சாட்சி எவ்வளவு? அவன் புகுந்த அந்த உலகம் ஒன்று, மும்பாட்டன் ஒன்று. மும்பாட்டனில் சாக வேண்டிய போலீஸ் அதிகாரி இன்ஸ்பெக்டர் சிங்கை மைல்ஸ் காப்பாற்றியதும் ஓட்டை விழுந்தது உண்மை, ஆனால் அதே நேரத்தில் அங்கே ஸ்பாட் என்கிற வில்லன், உலகங்களுக்கு நடுவே வழி திறக்கும் கொலைடர் இயந்திரத்தின் சக்தியை விழுங்கிவிட்டுப் போயிருக்கிறான். ஓட்டை எதனால்? படம் சொல்லவில்லை.

அப்புறம் பாருங்கள், வழக்கை உடைப்பதே க்வென்னின் அப்பா. நான் போலீஸ் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறார். கேப்டனே இல்லையென்றால் கேப்டன் சாவு ஏது? உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. காமிக்ஸில் ஜார்ஜ் ஸ்டேசி 1970-இல் செத்தார், க்வென் 1973-இல் செத்தாள், அரை நூற்றாண்டாக எழுத்தாளர்கள் அந்த ரத்தத்தைத் தொட்டுத்தான் இந்த ஹீரோவை எழுதி வந்தார்கள். மிகேல் பேசுவதெல்லாம் அந்தப் பழைய வாசகனின் குரலாகவே எனக்குக் கேட்கிறது: ‘இப்படித்தான் இருக்கணும், எப்பவும் இப்படித்தான் இருந்திருக்கு.’ மைல்ஸ் 2011-இல் வந்தவன். அவன் வந்தபோதும் ‘இவன் ஸ்பைடர்-மேனே இல்லை’ என்று முறைத்தவர்கள் உண்டு.

கடைசியில என்ன ஆச்சு? வீட்டுக்குத்தானே போனான், ஏன் அம்மாவுக்கு ஸ்பைடர்-மேன்னா யாருன்னு தெரியல?

அது அவன் வீடே இல்லை. மிகேலின் தலைமையகத்திலிருந்து தப்ப மைல்ஸ் ஏறினானே, அவரவர் உலகத்துக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரம், அது உடம்பிலுள்ள மரபணுவைப் படித்து எந்த உலகத்துக்காரன் என்று கண்டுபிடிக்கிறது. மைல்ஸின் உடம்பில் கலந்திருப்பது எர்த்-42-இலிருந்து வந்த சிலந்தி (மேலே சொன்ன 42!), அதனால் அங்கே அனுப்பிவிட்டது. சிலந்தி இங்கே வந்து இவனைக் கடித்துவிட்டதால் அங்கே ஸ்பைடர்-மேன் கிடையாது, அப்பா ஜெஃப் செத்துவிட்டார், இங்கே செத்துப்போன அப்பாவின் சகோதரர் ஆரன் அங்கே உயிரோடு இருக்கிறார். ப்ரௌலர் என்ற வில்லனின் முகமூடிக்குப் பின்னால் இருப்பது அந்த உலகத்து மைல்ஸ். அதே நேரம் க்வென் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறாள், படம் முடிகிறது. தியேட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ‘டேய் காசு!’ என்று கத்தினார்.

பவித்ர் பிரபாகர் இந்தப் படத்துக்காக உருவாக்கினதா? தமிழ்ல டப் எப்படி?

இல்லை, அவர் 2004-லேயே காமிக்ஸில் வந்துவிட்டார். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் மூவரும் உருவாக்கியது. பீட்டர் பார்க்கரை அப்படியே இந்தியப் பெயராக்கி, வேட்டி கட்டிவிட்டார்கள். படத்தில் மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து மும்பாட்டன், 1970-களின் இந்தியக் காமிக்ஸ் புத்தக வாடையோடு. ‘சாய் டீ’ என்று மைல்ஸ் சொன்னதும் பவித்ர் கொதிக்கும் இடம் பிரசித்தம், சாய் என்றாலே டீதானே. ‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ என்று பேசும் நமக்குக் கோபப்படும் உரிமை இருக்கிறதா என்பது தனிக் கதை.

இந்தியாவில் தமிழ் உட்பட பத்து மொழிகளில் வந்தது. பவித்ருக்கு இந்தியிலும் பஞ்சாபியிலும் குரல் கொடுத்தது கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில். குழந்தைகளோடு பார்த்தால் தமிழ் டப், தனியாகப் பார்த்தால் ஆங்கிலம் என்பேன். மைல்ஸின் அம்மா ரியோ நடுநடுவே ஸ்பானிஷுக்குத் தாவுவதும், மகனுக்கு ஸ்பானிஷில் மதிப்பெண் குறைந்ததற்கு அவர் முகம் போகும் போக்கும், வீட்டில் ஒரு மொழி ஸ்கூலில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்களுக்கு எங்கேயோ தைக்கும். எந்த டப்பிலும் அது கொஞ்சம் கரைந்துதான் போகும்.

ஆறு வயசுப் பையனுக்குக் காட்டலாமா மேடம்?

முதல் பாகம் காட்டுங்கள். இது 140 நிமிடம், முடிவும் அந்தரத்தில் தொங்கும், ராத்திரி பத்து மணிக்கு ‘அப்புறம் என்னாச்சும்மா’ என்று கேட்பான், உங்களிடம் பதில் இருக்காது. பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டும் காட்சிகளும் நிறைய, கண் கூசும் குழந்தை என்றால் யோசிக்கவும்.

ஹோபிதான் என் ஃபேவரைட். அவன் மட்டும் ஏன் வேற மாதிரி அசையறான்?

ஹோபி, அதாவது ஸ்பைடர்-பங்க், 1970-களின் லண்டன் பங்க் போஸ்டரிலிருந்து கிழித்து ஒட்டிய பையன். உடம்பு ஒரு வேகம், ஜாக்கெட் ஒரு வேகம், கிட்டார் இன்னொரு வேகம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒழுங்குக்கு அடங்காதவன் ஃப்ரேம் கணக்குக்கு மட்டும் அடங்குவானா? மிகேலின் தலைமையகத்தில் எல்லாரும் நடந்து போகும்போது அவன் கையைப் பாருங்கள், போகிற வழியில் பாகங்களைச் சுட்டுக்கொண்டே வருவான். கடைசியில் க்வென்னுக்கு வந்து சேரும், உலகம் விட்டு உலகம் தாவ உதவும் கைக்கடிகாரம் அந்தத் திருட்டுச் சாமானில் செய்ததுதான்.

நான் தியேட்டர்ல பார்த்ததும் என் நண்பன் பார்த்ததும் வேற வேற வசனம்னு சண்டை. யாருக்கு ஞாபக மறதி?

இரண்டு பேருக்கும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் தியேட்டர்களுக்குப் போயின, எடிட்டிங் குழுவைச் சேர்ந்தவரே ஒப்புக்கொண்டார். மிகேலின் உதவியாளர் லைலா அவனைச் சீண்டும் இடத்தில் மாறுதல் நன்றாகத் தெரியும். இருவரும் சமாதானம் ஆகி ஆளுக்கொரு டீ குடிக்கவும் (சாய் டீ வேண்டாம்).

இவ்வளவு அழகா எடுத்தவங்களுக்கு ஆஸ்கர் ஏன் கிடைக்கல?

முதல் பாகத்துக்குக் கிடைத்தது. இதற்கு 2024-இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ குறுக்கே வந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு. இதில் ஆயிரம் பேர் அளவுக்குக் கலைஞர்கள் வேலை செய்தார்கள், முடிந்த ஷாட்டுகளைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னதில் சோர்ந்து நூறு பேர் அளவுக்கு இடையிலேயே விலகினார்கள் என்று படம் வெளியான மாதமே பத்திரிகையில் செய்தி வந்தது, தயாரிப்புத் தரப்பு அதை முழுதாக ஏற்கவில்லை. ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்த ஃபைலை ‘ஃபைனல்_7’ வரை கொண்டுபோனவளுக்கு அந்தச் செய்தியை நம்ப ரொம்ப நேரம் ஆகவில்லை.

மூணாவது பாகம் எப்போ?

‘பியாண்ட் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டியது. ஹாலிவுட் வேலைநிறுத்த நேரத்தில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள், பிறகு 2027 ஜூன் என்று அறிவித்தார்கள். மேலே சொன்ன செய்தியைப் படித்த பிறகு, தாமதம் என்று கேட்டால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

அக்கா, டிவி செட்டிங்கை அணைச்சுட்டேன். இப்போ நல்லா இருக்கு, ஆனா எங்கப்பா சீரியல் பார்க்கும்போது “படம் ஏன் மாறிடுச்சு”ன்னு திட்டறார்.

அவர் சீரியலுக்குத் திரும்பப் போட்டுக்கொடுத்துவிடுங்கள் தம்பி, எதற்கு வம்பு. ராத்திரி அவர் தூங்கிய பிறகு மறுபடி அணைத்துவிட்டு, க்வென் அப்பாவைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, ஆளை விட்டுவிட்டுப் பின்னால் சுவரை மட்டும் பாருங்கள்.