கொடைக்கானல் பக்கம் குழந்தைகள், பெரியவர்களோடு நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடிக்க எங்கே போகலாம்?

மதுரையிலிருந்து காரில் வருகிறோம், ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய என் வீட்டுக் கதைதான். நான் பிறந்து வளர்ந்தது பண்ணைக்காடு. அப்பாவுக்கு அங்கே இரண்டேகால் ஏக்கர் காப்பித் தோட்டம். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் மாதம் ஒரு தடவையாவது அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிடுவேன். அத்தைக்கும் முழங்கால்தான் பிரச்சினை. அதனால் எந்தக் கடையில் எத்தனை படி, எங்கே கழிப்பறை சுத்தம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஊருக்குள் காப்பி விளைவதில்லை. ஊர் இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில். மார்கழி, தை மாதங்களில் அங்கே விழும் உறைபனியைக் காப்பிச் செடி தாங்காது. காப்பி விளைவதெல்லாம் அதற்குக் கீழே, 1,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை உள்ள கீழ்ப்பழனி மலையில்தான். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர் எல்லாம் காப்பி ஊர்கள். ஏரியைப் பார்க்கும் அவசரத்தில் வண்டிகள் இந்த ஊர்களுக்குப் பிரியும் சாலையை விட்டுவிட்டு மேலே போய்விடுகின்றன. மேலே போய், டப்பாவில் வந்த இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு இறங்குகிறார்கள். பக்கத்திலேயே விளைகிற காப்பி மூட்டையில் ஏறி வெளியூர் போகிறது. சின்ன வயதிலிருந்தே இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் என் பதிலைக் கீழிருந்தே தொடங்குகிறேன்.

வத்தலக்குண்டில் டிபன் முடித்ததும் காப்பி குடித்தீர்கள் என்றால் பெரியவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பால் வேண்டாம். மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றில் பால் இருந்தால் வாந்தி நிச்சயம். என் மகளுக்கு மூன்று தடவை நடந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இப்போதெல்லாம் இட்லியோடு நிறுத்திவிட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொள்கிறேன். பாலெல்லாம் மேலே போய் அரை மணி நேரம் ஆன பிறகுதான்.

ஏறும்போது முதலில் நிறுத்தத் தோதான இடம் டம்டம் பாறை. எதிர் மலையில் எலிவால் அருவி தெரியும். 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி இறங்கும். பெயர்க் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொன்னால் வாந்தி வருகிற எண்ணமே மறந்துவிடும். இங்கே காப்பியை எதிர்பார்க்க வேண்டாம். காலாற நடந்துவிட்டு ஏறுங்கள்.

கொடைக்கானல் சாலையில் பண்ணைக்காடு பிரிவு என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அங்கே திரும்பி எங்கள் ஊருக்குள் வாருங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் கஃபே எதுவும் இங்கே இருக்காது. பேருந்து நிற்கும் இடத்தைச் சுற்றி டீக்கடைகள்தான். மர பெஞ்சு, பாய்லர், கண்ணாடிப் பெட்டியில் பருப்பு வடை, பன். ஆனால் "டிகாஷன் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இருந்தால் முகம் மலர்ந்து "இப்பத்தான் இறக்குனேன், உக்காருங்க" என்பார்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நான் அறிந்தவரை இதில் பொய் சொல்லுகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பெரிய மனுஷி ஒருத்தர் காலை நீட்ட முடியாமல் நின்றால், உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி தானாக வந்துவிடும். அத்தைக்கு எல்லாத் தடவையும் வந்திருக்கிறது. படி ஏற வேண்டியதில்லை, வண்டியை வாசலிலேயே நிறுத்தலாம். கழிப்பறை மட்டும்தான் சிரமம். அதனால் வத்தலக்குண்டிலேயே எல்லோரும் போய்விட்டு வந்துவிடுவது நல்லது.

வரக்காப்பி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். பால் இல்லாமல் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்த காப்பி. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தூக்குப்போசியில் கொண்டுபோவது அதுதான். என் அப்பத்தா கடைசி நாள் வரைக்கும் பால் காப்பியைக் காப்பி என்றே ஒத்துக்கொண்டதில்லை.

ஆறு வயதுப் பிள்ளையை இந்தப் பக்கம் கூட்டிவரச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காப்பி என்றால் பொட்டலத்தில் வருகிற பழுப்புத் தூள் என்றுதான் நகரத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. இங்கே அது சிவப்புப் பழம். கார்த்திகையிலிருந்து தை வரை பழமெடுப்பு நடக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போடச் சொல்லுங்கள். வழவழவென்று இனிக்கும் சதைக்குள் இரண்டு கொட்டை, ஒன்றை ஒன்று பார்த்தபடி. பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலுரித்து, தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைப்பார்கள். அப்போது ஊர் முழுக்க ஒரு புளித்த வாசம் இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது அம்மா வீட்டு வாசம். சுமார் ஆறு கிலோ பழம் எடுத்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும். இதைச் சொன்ன நாளிலிருந்து என் மகன் டம்ளரில் மிச்சம் வைப்பதில்லை, அது பாலாகவே இருந்தாலும்.

மாசி, பங்குனியில் வந்தால் பழம் இருக்காது. ஆனால் அந்தச் சமயத்தில் பூ மழை என்று ஒன்று பெய்யும். அது பெய்து எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம். மூன்று, நான்கு நாளில் உதிர்ந்துவிடும். அந்த மழை தள்ளிப்போனால் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த வருஷத்து எங்கள் தீபாவளியும் பள்ளிக் கட்டணமும் அந்த ஒரு மழையில்தான் இருந்தன.

நேரம் இருந்தால் அப்படியே தாண்டிக்குடி வரை போங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காப்பி, ஊடே மலைவாழையும் ஆரஞ்சும். காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் தாண்டிக்குடியில்தான். மலைமேல் பாலமுருகன் கோவில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனான், அதனால்தான் தாண்டிக்குடி என்று ஊரில் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் உண்டு. கடைகள் இங்கேயும் சின்னவைதான். ஆனால் தங்குவதாக இருந்தால், தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஹோம்ஸ்டேக்களைத் தேடுங்கள். காலையில் வீட்டுக்காரம்மா போட்டுத் தரும் காப்பி, பெரும்பாலும் அந்தக் கொல்லையில் விளைந்து அந்த வீட்டு வாணலியில் வறுபட்டதாகவே இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிள்ளை பாட்டுக்கு முற்றத்தில் விளையாடும், நீங்கள் டம்ளரோடு திண்ணையில் உட்காரலாம்.

இனி கொடைக்கானல் ஊர். நான் போவது பி.டி. ரோட்டில் உள்ள கஃபே காரியப்பா. தங்கள் சொந்தத் தோட்டத்துக் காப்பியையே போடுகிறார்கள், அதனால்தான் அந்தக் கடை மேல் எனக்கு மரியாதை. இடம் சின்னது. சுற்றுலாக் கூட்டம் கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே போய்விட்டால் மூலையில் பெரியவர்களை வசதியாக உட்காரவைக்கலாம். பாலில்லாத காப்பியை முதலில் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் சேராமல் குடித்துப் பார்த்தால்தான் பழனி மலைக் காப்பியின் மெல்லிய புளிப்பு நாக்கில் தெரியும். அம்மாவுக்குப் பழகிய பால் காப்பியே இருக்கட்டும், அவரிடம் வாதம் பண்ண வேண்டாம். பிள்ளைகளுக்கு கேக் இருக்கிறது.

அதே ரோட்டில் கிளவுட் ஸ்ட்ரீட் இருக்கிறது. அது சாப்பாட்டுக் கடை, விறகடுப்பில் பீட்சா போடுவார்கள். பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டால் அங்கே போய்விடுங்கள். அண்ணா சாலையில் பேஸ்ட்ரி கார்னர் பழைய பேக்கரி. நான் அங்கே பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, 1908இல் உருவான பிரையண்ட் பூங்காவுக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் பெஞ்சில் உட்காரட்டும், நாம் பிளாஸ்க்கைத் திறக்கலாம்.

பிளாஸ்க் என்றதும் சொல்ல வேண்டியது: கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) வேண்டும், கிளம்பும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்க்கும் கையில் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு வெந்நீருக்கு அலைய வேண்டாம். எந்த டீக்கடையிலும் கேட்டால் ஊற்றித் தருவார்கள்.

பள்ளத்தாக்கு தெரியும்படி மாடியில் மேசை போட்ட கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. படத்தைப் பார்த்து மட்டும் போய்விடாதீர்கள். போன வருஷம் மகள் கைபேசியில் பார்த்து ஆசைப்பட்டாள் என்று ஒரு கடைக்குப் போனோம். சாலையிலிருந்து முப்பது படி கீழே இறங்கி உட்கார்ந்த பிறகுதான் கழிப்பறை மேலே இருப்பது தெரிந்தது. கம்பித் தடுப்பில் இருந்த இடைவெளியில் என் மகனின் தலை புகுந்துவிடும், அவனை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எஸ்டேட் காப்பி என்று போட்டு 180 ரூபாய் வாங்கினார்கள். வாயில் வைத்ததும் இன்ஸ்டன்ட் என்று தெரிந்துவிட்டது. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உங்கப்பா காயவச்ச கொட்டையை மோந்து பாத்தாலே இதைவிட நல்லாருக்குமேம்மா" என்றார். திரும்ப மேலே ஏறி வரும்போது இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் புதுக் கடைக்குப் போவதாக இருந்தாலும் முன்னாலேயே போன் பண்ணி மூன்று கேள்வி கேட்கிறேன். எத்தனை படி? கழிப்பறை அதே தளத்திலா? தூள் எங்கே வறுத்தது? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் போக மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தருவது என்றால், காப்பி வேண்டாம். ஆறு வயதுக்குச் சுக்குக் காப்பி கொடுக்கலாம். பெயர்தான் காப்பி, உள்ளே இருப்பது சுக்கும் மல்லியும் கருப்பட்டியும். அந்தக் குளிருக்கு இதமாக இருக்கும். காரத்தைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குச் சர்க்கரை போடாத பால். இன்னொரு விஷயம், கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு டிகாஷனுக்குச் சரியான பதம். டீ இறங்குவதற்குத்தான் கொஞ்சம் போதாது. அதனாலேயே மலையில் என் ஓட்டு காப்பிக்கு. ஆனால் சீக்கிரம் ஆறிவிடும், பேசிக்கொண்டே வைத்துவிடாதீர்கள்.

ஊர் திரும்பும்போது கொஞ்சம் தூள் வாங்கிப் போக வேண்டும் என்று அம்மா கட்டாயம் கேட்பார். ஏரிக்கரையில் பளபளக்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள். அப்படியே வாங்கினாலும் பின்பக்கம் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கவும் வேண்டும் என்பது சட்டம். அதாவது கிட்டத்தட்ட பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி விற்கலாம். சிக்கரி பழகிய நாக்கு என்றால் எண்பதுக்கு இருபது போதும்.

இன்னும் நல்ல வழி, பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ வாங்குவது. இல்லையென்றால் இறங்கும் வழியில் வத்தலக்குண்டிலோ, கொஞ்சம் சுற்றிப் பட்டிவீரன்பட்டியிலோ, கண் முன்னால் வறுத்து அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். பட்டிவீரன்பட்டி காலங்காலமாக இந்த மலைக் காப்பி இறங்கி வந்து சுத்தமாகும் ஊர். சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த சௌந்தரபாண்டியனார் ஊரும் அதுதான். பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி வேண்டாம், பில்டருக்கு அரைங்க என்று கேளுங்கள். பீபெரி என்பது பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை, பிளான்டேஷன் ஏ என்பது கழுவிக் காயவைத்த பெரிய கொட்டை ரகம். கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், மூன்று வாரத்தில் வாசம் இறங்கிவிடும். சூடு ஆறுகிற வரைக்கும் பையைக் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் கார் முழுக்க அந்த வாசம் இருக்கும்.