"இனியா" என்றால் யார் திரும்புவார்?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பண்பைச் சொல்லும் சொல்லில் பெயர் வைக்க ஆசை. பெண் என்றால் இனியா. என் மாமனாரோ, "'இனிய' என்றால் இனிய எது என்று கேட்கத் தோன்றுகிறதே, அடைமொழி எப்படியம்மா பெயராகும்?" என்கிறார். யார் சொல்வது சரி?
– பெயர் தேடும் வாசகி

பதில்: பாதி அவர், பாதி நீங்கள். இனிய, நெடிய, அரிய எல்லாம் தனித்து நிற்காத சொற்கள்தாம். ஆனால் ஒரு விகுதி சேர்ந்தால் போதும், ஆளாகி எழுந்து நிற்கும்: இனியன், நெடியோன். இல்லையென்றால் அடையை இன்னொரு பெயரின் தலையில் ஏற்றிவிடலாம்: இளங்கோ, நெடுமாறன், தண்மதி. 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று புறநானூற்றில் பாடியவர் பெயரில் இரண்டு அடைகள் ஏறியிருக்கின்றன: இளம்பெருவழுதி. நக்கீரர், நச்செள்ளை, நப்பின்னை என்ற பெயர்களின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன 'ந' கூட நன்மையைச் சொல்வதுதான்.

இனியாவுக்கு வருகிறேன். வடமொழியில் விமல், விமலா. அரபியில் ஜமீல், ஜமீலா. கடைசியில் ஆகாரம் வந்தால் பெண். அந்தப் பழக்கத்தில் நாமும் ஆகாரம் சேர்க்கிறோம். தமிழில் அந்த ஆகாரத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. கண்ணனைக் கூப்பிட்டால் கண்ணா, முருகனைக் கூப்பிட்டால் முருகா, இனியனைக் கூப்பிட்டால் இனியா! என் வகுப்பு ஒன்றில் இனியன் என்றொரு பையனும் இனியா என்றொரு பெண்ணும் இருந்தார்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே "இனியா, அந்தச் சாக்பீஸை எடு" என்பேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகள் கிரீச்சிடும். கடைசியில் பையனை மட்டும் நாடகத்தில் மன்னனை விளிப்பதுபோல் "இனியனே" என்று அழைத்து அந்த ஆண்டை ஓட்டினேன்.

அதற்காக விட்டுவிட வேண்டாம். இனியா இன்று பெண் பெயராகவே நிலைத்துவிட்டது. இலக்கணத்துக்குப் பயந்து இனியாள் என்று வைத்தால், வளர்ந்த பிறகு பிள்ளை உங்களைத்தான் கோபித்துக்கொள்ளும். அடுத்தது ஆணாகப் பிறந்தால் இனியன் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பெயர்ப் பட்டியல் ஒன்றில் எழிலி என்றால் அழகானவள் என்று இருந்தது. சரிதானா?

பதில்: பட்டியல் போடுகிறவர்களுக்குப் பொருள் தெரியாத பெண் பெயரெல்லாம் 'அழகானவள்'தான். எழிலி என்றால் மேகம். 'நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்' என்ற குறளில் வருகிறவள் அவளே. அவள் கொடுக்காவிட்டால் கடலுக்கே வளம் குறையும். அழகைவிட நல்ல பொருள். அழகுதான் வேண்டும் என்றால் எழில் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.

கேள்வி: சியாமளா என்று வைக்கலாம் என்றேன். "கறுப்பு என்று அர்த்தம், வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில்.

பதில்: அர்த்தம் அதுதான். கிருஷ்ண என்ற சொல்லுக்கும் கறுப்பு என்றுதான் பொருள். அர்ஜுன என்பதற்கு வெண்மை. தேரை ஓட்டியது கறுப்பு, கீதையைக் கேட்டுக்கொண்டது வெள்ளை. தொல்காப்பியம் காட்டுக்கு உரியவனாகச் சொல்லும் மாயோன் கரியவன், மலைக்கு உரியவனாகச் சொல்லும் சேயோன் சிவந்தவன். இரண்டும் நிறத்தால் வந்த பெயர்கள். வீட்டில் கண்ணன் படம் இருந்தால், அதைக் கழற்றிவிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சௌமியா என்றால் மென்மையானவள்தானே, ஐயா? என் கணவருக்கு மிகவும் பிடித்த பெயர்.

பதில்: ஆம், நிலவைக் குறிக்கும் சோமனிலிருந்து வந்த சொல். ஆனால் கடிதத்தின் அடியில் உங்கள் கணவர் பெயரையும் பார்த்தேன், 'அ'வில் தொடங்குகிறது. வடமொழிச் சொல்லுக்கு முன்னால் 'அ' வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். வருகைப் பதிவேட்டில் புள்ளியை விழுங்கி வாசிக்கும் என்னைப் போன்ற ஆசிரியரிடம் மாட்டினால், குழந்தை தினமும் காலையில் 'அசௌமியா', மென்மையற்றவள். இனிஷியலோடு சேர்த்து நாலு முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். உறுத்தினால் பெயரை மாற்ற வேண்டியதில்லை, இனிஷியலை மாற்றலாம். உங்கள் பெயர் 'இ'யில்தானே தொடங்குகிறது?