மெனஸ், நார்மர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் முதல் ஃபாரோ மெனஸ் என்றுதான் நான் பள்ளியில் படித்தேன். இப்போது என் மகளின் புத்தகத்தில் நார்மர் என்று இருக்கிறது. இருவரும் ஒருவர்தானா? மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒரே போரில் இணைந்தன என்பதற்கு நார்மரின் கற்பலகையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

மகேஸ்வரி

அன்புள்ள மகேஸ்வரி,

மெனஸ் என்பது பிற்காலத்தவரின் நினைவில் நின்ற பெயர். கி.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்திய அரசர் முதலாம் சேத்தி, மேல் எகிப்திலுள்ள (அதாவது தெற்கிலுள்ள) அபிடோஸ் நகரில் எழுப்பிய கோயிலின் சுவரில், தமக்கு முன் ஆண்டவர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கச் செய்தார். அதில் முதலில் வருவது 'மெனி'. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அதே அரசரை 'மின்' என்று குறித்துக்கொண்டார். அதற்கும் இரு நூற்றாண்டுகள் கழித்துக் கிரேக்க மொழியில் எகிப்திய வரலாற்றை எழுதிய மானெத்தோ என்ற பூசாரி, மெனஸ் நீர்யானையால் கொல்லப்பட்டார் என்ற கதையையும் சேர்த்துச் சொன்னார். இவர்களுள் காலத்தால் மிக முந்திய சேத்தியே முதல் அரச மரபிலிருந்து ஏறத்தாழ 1800 ஆண்டுகள் தள்ளி நிற்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஃபாரோ என்ற சொல்லும் அவ்வாறே பிந்தியது. தமிழ் விவிலியத்தில் 'பார்வோன்' என்று வரும் அச்சொல்லுக்கு எகிப்திய மொழியில் 'பெரிய வீடு', அதாவது அரண்மனை என்று பொருள். அது அரசரையே குறிக்கத் தொடங்கியது நார்மருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகுதான்.

நார்மர் என்ற பெயரோ அவர் காலத்துப் பொருள்களிலேயே இருக்கிறது. அரண்மனை முகப்பைப் போன்ற ஒரு கட்டத்துக்குள் ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும். மீன் 'நர்', உளி 'மெர்'. இந்தப் பெயர் கீறிய பானை ஓடு, இன்றைய இஸ்ரேலின் தென்பகுதியிலுள்ள அராத் வரையில் கிடைத்திருக்கிறது. இதைவிட முக்கியமான சான்று 1985இல் வெளிப்பட்டது. அபிடோஸின் பழைய அரச இடுகாட்டில், டென் என்ற அரசரின் கல்லறைப் பகுதியை ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தினர் அகழ்ந்தபோது, களிமண்ணில் பதிந்த ஒரு முத்திரைத் தடம் கிடைத்தது. நார்மர், அஹா, ஜெர், ஜெத், டென் என்று அரசர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. பின்னர் அதே மரபின் கடைசி அரசரான காஆவின் கல்லறையிலிருந்து கிடைத்த இன்னொரு முத்திரைத் தடமும் நார்மரிலிருந்தே தொடங்கி எட்டு அரசர்களைச் சொல்கிறது. அந்த இடுகாட்டைப் பேணியவர்கள், ஓரிரு நூற்றாண்டு இடைவெளிக்குள், தம் அரசர்களை யாரிலிருந்து எண்ணினார்கள் என்பது இதனால் தெளிவாகிறது. மேல் எகிப்தின் நகாடாவில் கிடைத்த, பொருள்களோடு கட்டும் ஒரு சிறு தந்தச் சீட்டில் அஹாவின் பெயரருகே 'மென்' என்ற குறி இருப்பதைக் காட்டி அஹாவே மெனஸ் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் புறக்கணிக்கவில்லை. ஆனாலும் மெனஸ் ஒரு தனி மனிதர் என்றால் அவர் நார்மராகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் நான் பாடநூல்களிலிருந்து விலகுகிறேன். மேல் எகிப்தின் ஹீராகோன்போலிஸில் குவிபெல், கிரீன் என்ற தொல்லியலாளர்கள் 1890களின் இறுதியில் கண்டெடுத்த அந்தப் பலகை ஏறத்தாழ 64 செ.மீ. உயரமுள்ளது; கண்மை அரைக்கும் கல்லின் வடிவில் செய்து கோயிலுக்குப் படைக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின் வெண்முடி சூடிய நார்மர், மண்டியிட்ட ஒருவனின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு தண்டாயுதத்தை ஓங்குகிறார். மறுபக்கத்தில் கீழ் எகிப்தின், அதாவது வடக்கின், செம்முடியுடன், தலை வெட்டப்பட்ட பத்துப் பகைவரின் உடல்களைப் பார்வையிட நடந்து செல்கிறார். இரு முடிகளும் ஒருவர் தலையில் இருப்பதால் இது இணைப்புப் போரின் பதிவு என்று கொள்ளப்பட்டது. ஆனால் அதே ஹீராகோன்போலிஸில், நார்மருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கேனும் முற்பட்ட ஒரு கல்லறையின் வண்ணச் சுவரோவியத்தில், கட்டுண்ட மூவர் முன்னால் ஒருவன் தண்டாயுதத்தை ஓங்கி நிற்கும் காட்சி ஏற்கெனவே இருக்கிறது. அரசனை இவ்வாறுதான் காட்ட வேண்டும் என்ற மரபு நார்மருக்கு முன்பே உருவாகிவிட்டது. போரே நடக்கவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அபிடோஸில் கிடைத்த நார்மர் காலச் சீட்டொன்றில், கைகள் முளைத்த கெளுத்தி மீன் பாப்பிரஸ் கோரை சூடிய பகைவனை அடிக்கிறது. கோரை வடக்கிலுள்ள கழிமுகத்தின் அடையாளம். அக்காலத்தில் ஓர் ஆண்டை அதன் முக்கிய நிகழ்ச்சியால் குறிப்பது வழக்கம். ஆகவே வடக்கே ஒரு படையெடுப்பு நடந்து, ஓர் ஆண்டுக்கு அதன் பெயரே இடப்பட்டிருக்கிறது. அந்த ஒரு படையெடுப்பால்தான் நாடு பிறந்தது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மெம்பிஸ் நகரைப் பாருங்கள். நைலைத் தடுத்துத் திருப்பி, அந்த நிலத்தில் மெம்பிஸை உண்டாக்கியவர் மின் என்பது ஹெரோடோட்டஸ் கேட்ட கதை. ஆனால் 2012இல் சினாய்ப் பாறையொன்றில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே கண்ட கல்வெட்டில், நார்மருக்கும் முன்பு ஆண்ட இரி ஹோர் என்ற அரசரின் பெயருடன் 'வெண்சுவர்' என்ற பெயரும் இருக்கிறது. வெண்சுவர் என்பது மெம்பிஸின் பழைய பெயர். மேல் எகிப்தின் நகாடாப் பண்பாட்டுக்குரிய மட்கலங்களும் நார்மருக்கு நெடுங்காலம் முன்பே கழிமுகத்து ஊர்களில் உள்ளூர்க் கலங்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. வணிகர்களும் குடியேறிகளும் சென்ற வழியில்தான் அரசரின் படையும் பின்னால் சென்றது.

பலகையைவிட என்னை அதிகம் ஈர்ப்பவை, நார்மருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டதாக அபிடோஸில் ஜெர்மன் தொல்லியலாளர் குந்தர் டிரையர் அகழ்ந்த ஓர் அரசக் கல்லறையின் சின்னஞ்சிறு சீட்டுகள். பன்னிரண்டு அறைகள் கொண்ட அந்தக் கல்லறையில் தந்தச் செங்கோலும், நூற்றுக்கணக்கான மதுச்சாடிகளும், எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கி ஒரு துளையிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகளும் இருந்தன. சிலவற்றில் எண்கள், சிலவற்றில் பறவை, விலங்கு, செடி உருவங்கள். பொருள்கள் வந்துசேர்ந்த ஊர்களின் பெயர்களாக அவற்றை டிரையர் வாசித்தார். எகிப்திய எழுத்தின் மிகப் பழைய சான்றுகள் இவையே. எந்த ஊரிலிருந்து எவ்வளவு வந்தது என்று கணக்கு வைக்கத் தெரிந்த ஓர் அரசு அங்கே அப்போதே இயங்கிக்கொண்டிருந்தது. நார்மர் அதை விரிவாக்கினார்; தம் பெயரால் நிலைநிறுத்தினார்.

டென்னின் முத்திரையை உங்கள் மகளுக்குக் காட்டினால், அரசர்களின் பெயர்களுக்குப் பிறகு வரும் கடைசிப் பெயரையும் காட்டுங்கள்: 'அரசரின் தாய் மெர்நெய்த்'. டென் சிறுவனாக இருந்தபோது மெர்நெய்த்தே ஆட்சியை நடத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசர்களின் கல்லறைகளுக்கு நடுவே அதே அளவில் அமைந்த அவருடைய கல்லறையை 1900இல் அகழ்ந்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் பெட்ரி, அவரை ஓர் ஆண் அரசர் என்றே எண்ணினார். காஆ காலத்து முத்திரையில் மெர்நெய்த்தின் பெயர் விடுபட்டுவிட்டது. சேத்தியின் சுவரிலும் இல்லை.