சேதாரம் யாருக்குப் புரியும்?

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் தோழனுக்கு எழுதினாலும் பேரூராட்சிக்கு எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் புரியவைக்கப் பத்திரிகை விளம்பரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். "இது யாருக்கு?" என்று கேட்டால் "எல்லோருக்கும்" என்கிறார்கள், இல்லையென்றால் "பெண்களுக்கு". அதற்கு மேல் நகரவில்லை. எங்கே தவறுகிறது?

– தமிழாசிரியர் ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேள்வியில்தான் சிக்கல். "யாருக்கு?" என்றதும் பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். படத்தில் இருப்பவர், பொருளைப் பயன்படுத்துகிறவர், விளம்பரம் யாரிடம் பேசுகிறதோ அந்த ஆள் என்று மூன்று பேர் இருக்கலாம். சத்துபானத்தைக் குடிப்பது குழந்தை. விளம்பரம் பேசுவது அம்மாவிடம். "உங்கள் குழந்தை" என்ற இரண்டு சொல்லே சாட்சி.

"இதில் எதை விளக்காமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நகைக்கடை விளம்பரம்: மணப்பெண் படம், கீழே "சேதாரத்தில் 3 சதவீதம் தள்ளுபடி". சேதாரம் (நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று கடை சேர்க்கும் தொகை) என்றால் என்னவென்று வகுப்பில் பலருக்குத் தெரியாது. விளம்பரமும் சொல்லாது. நகை வாங்கிப் பழகி, பில்லில் அந்த வரியைப் பார்த்து முகம் சுளித்தவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லையே. மணப்பெண்ணைக் காட்டி, பணம் கொடுக்கிற பெற்றோரிடம் பேசுகிறார்கள்.

பழைய பேப்பர் கடையில் அவள் விகடன், பசுமை விகடன், மோட்டார் விகடன் என்று கலந்து வாங்குங்கள். 30 முதல் 80 சொல் உள்ள விளம்பரமாக இருக்கட்டும். படமும் கடைப்பெயரும் மட்டும் உள்ள முழுப்பக்கம் முதல் நாளுக்கு ஆகாது. ஜெராக்ஸ் வேண்டாம், நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்து மங்கிவிடும். கிழிக்கும்போதே எந்தப் பத்திரிகை என்று தனியாகக் குறித்துவையுங்கள், பிறகு நினைவிருக்காது.

நான்கு பேர் குழுவுக்கு மூன்று விளம்பரம். படத்தையும் பொருளின் பெயரையும் தாளால் மூடி, தாளின் ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள். முதல் 10 நிமிடம் சொற்கள் மட்டும்: எப்படி விளிக்கிறது, எந்தச் சொல்லை விளக்கவில்லை, கடைசியில் என்ன செய்யச் சொல்கிறது. மூன்றையும் அடிக்கோடிட்டு, பத்திரிகை எதுவென்று ஊகித்த பிறகே தாளைத் திறக்க வேண்டும். ஊகம் தவறிய குழுவிடம் எந்தச் சொல் ஏமாற்றியது என்று கேளுங்கள். நேரம் போகிறதே என்று இதை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

மறுநாள் எழுத்து. பழைய சைக்கிளை விற்க 25 சொல்லில் இரண்டு விளம்பரம்: ஒன்று பக்கத்து வகுப்பு மாணவனுக்கு, இன்னொன்று அவன் அப்பாவுக்கு. "நண்பா" போய் "ஐயா" வந்திருக்கும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். விளியை அடித்துவிட்டு வேறு குழுவிடம் கொடுங்கள். எது யாருக்கு என்று அவர்களால் பிரிக்க முடியாவிட்டால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

அதன் பிறகு கடிதத்துக்கு வரலாம். தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சி செயல் அலுவலருக்கு எழுதினால் தெருப் பெயர், கம்பத்தின் எண், எத்தனை நாளாக என்பது போதும். நாளிதழ் வாசகருக்குக் கம்ப எண் எதற்கு? இரவு எட்டு மணிக்கு டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவதை அவருக்கு எழுத வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா" வேண்டுமானால் இரண்டிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.