ஒரே தூரம், இரு வேறு நேரங்கள்

கேள்வி: லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்குச் செல்ல ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது; திரும்பி வர ஏழு மணி நேரமே ஆகிறது. தூரம் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு ஏன்? பூமியின் சுழற்சிதான் காரணமா?
– வாசகர், திருச்சி

பதில்: இரு நிலையங்களுக்கும் இடையே பூமிப்பரப்பில் வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர், விமானிகளின் கணக்கில் 2,990 கடல் மைல். சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் இந்தக் கோடு வடக்கே வளைந்ததுபோல் தோன்றினாலும், உருண்டையான பூமியில் அதுவே குறுக்குவழி.

சுழற்சியை நேரடிக் காரணமாகக் கொள்ள முடியாது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானில் நிற்கும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகர்ந்து வரும் என்று வைத்துக்கொண்டால், போகும் பயணமல்லவா குறைய வேண்டும்? நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அப்படி எதுவும் நிகழ்வதில்லை.

உண்மையான காரணம், ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்னும் வேகக் காற்று. துருவப் பகுதியின் குளிர்ந்த காற்றுக்கும் தெற்கே உள்ள வெப்பக் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டால் பிறந்து, பூமியின் சுழற்சியால் திசை பெறும் இந்தக் காற்று, குளிர்காலத்தில் மேலும் வலுப்பெறுகிறது. (அந்த அளவில், சுழற்சிக்கும் மறைமுகமாக ஒரு பங்கு உண்டு.)

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 100 என்று கொண்டால், எதிர்காற்றில் தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) 800 ஆகக் குறைந்து பயணம் 6 மணி 55 நிமிடம் நீள்கிறது. பின்காற்றில் 1,000 ஆக உயர்ந்து 5 மணி 32 நிமிடத்தில் முடிகிறது. காற்றே இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 6 மணி 9 நிமிடம் போதும். கூட்டிப் பார்த்தால், போகும்போது இழந்த நேரம் முழுவதையும் வரும்போது காற்று திருப்பித் தருவதில்லை என்பது புலப்படும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல், ஹீத்ரோவின் நெரிசலில் வானில் வட்டமிட்டுக் காத்திருத்தல் ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்த்தே கால அட்டவணையில் குறிக்கிறார்கள்.

கேள்வி: 2020இல் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்ததாமே? அது ஒலியின் வேகத்தைத் தாண்டியதா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த ஆண்டு பிப்ரவரி 9 அன்று, கியாரா புயலையொட்டி வலுத்த பின்காற்றின் துணையோடு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் வந்திறங்கியது. அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியபோதிலும், சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது. ஆகவே ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. உண்மையிலேயே மீறிப் பறந்த கான்கார்ட் என்னும் பயணிகள் விமானம், 1996 பிப்ரவரியில் இதே வழியை 2 மணி 53 நிமிடத்துக்குள் கடந்தது.